புடகம் ஆராய வரும் பிள்ளைகளுக்கு

இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வேறு இடங்களிலும் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பற்றீரியாக்கள் வெளிவிடும் புடகங்களை ஆராயப் போகிறோம் என்று வருகிற பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஒவ்வொருவரையும் இருத்திவைத்துச் சொல்வதை இங்கே ஒருமிக்க எழுதுகிறேன். ஆய்வுகூட வாழ்க்கையைத் தொடங்குகிறவர்களுக்காக எழுதியது இது. அனுபவசாலிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.

1. பொருளை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஈ.கோலாய், விப்ரியோ, சூடோமோனாஸ் போன்ற கிராம் எதிர் பற்றீரியாக்களுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு மென்சவ்வுகள் உண்டு. வெளி மென்சவ்வு அங்கங்கே, கஞ்சி கொதிக்கையில் எழும் கொப்புளம் மாதிரி உப்பி, கழுத்து இறுகி, உருண்டையாகக் கழன்று போய்விடும். அந்த உருண்டைதான் புடகம். விட்டம் 20 முதல் 250 நனோமீற்றர் வரை இருக்கும். ஈ.கோலாய் கலம் ஏறக்குறைய 2000 நனோமீற்றர் நீளம் என்பதை நினைவில் வைத்தால் இதன் சிறுமை விளங்கும். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் இதன் உருவத்தைப் பார்க்க முடியாது.

உள்ளே நொதியங்கள், நச்சுப் புரதங்கள், டிஎன்ஏ, ஆர்என்ஏ துண்டுகள் இருக்கும். சுவரிலே அந்தப் பற்றீரியாவின் வெளிமென்சவ்வுப் புரதங்களும் அகநச்சும் இருக்கும். புடகத்துக்கு உயிரில்லை, அது பெருகாது. ஆனாலும் அது கொண்டுபோகும் சரக்கு வெளியிலுள்ள நொதியங்களால் சிதையாமல், தண்ணீரில் கரைந்து ஐதாகாமல், போய்ச்சேர வேண்டிய கலம் வரை மொத்தமாகப் போய்ச் சேருகிறது. நோயைப் பற்றிய கேள்வியும் மருந்தைப் பற்றிய கேள்வியும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கிராம் நேர் பற்றீரியாக்களுக்கு வெளி மென்சவ்வு இல்லை, தடித்த கலச்சுவர்தான் உண்டு. அதைத் தாண்டிப் புடகம் வராது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2009இல் கொரிய விஞ்ஞானிகள் ஸ்டாபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாவின் புடகங்களைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகு அந்த நம்பிக்கை போயிற்று.

2. இதைப் புதுப் பொருள் என்று எண்ணாதீர்கள். 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஈ.கோலாயை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள். 1967இல் கல்கத்தாவில் எஸ். என். சட்டர்ஜியும் ஜே. தாஸும் கொலராக் கிருமியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, அது தன் கலச்சுவர்ப் பொருளை உருண்டைகளாக வெளியேற்றுகிறது என்று எழுதினார்கள். கொலரா நச்சு கலத்துக்கு வெளியே சுரக்கிறது என்பதைச் சம்புநாத் டே 1959இல் நிறுவியதும் அதே நகரத்தில்தான். 2011இல் கொலரா நச்சு புடகத்தில் ஏறிக் குடற்கலங்களுக்குள் நுழைவதைக் காட்டியவர்களும் கொல்கத்தா விஞ்ஞானிகளே. வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் இருந்துகொண்டு, இந்தத் துறை எங்கோ தொலைவில் உள்ள பணக்கார நாடுகளுடையது என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை.

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்திலிருந்து கடுருகமுவவும் டெரி பெவரிட்ஜும் 1995இல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் வாசியுங்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு ஜென்டமைசின் கொடுத்தால் அது விடுகிற புடகங்கள் கூடுகின்றன என்று காட்டினார்கள். விடுதியிலே நோயாளிக்கு ஏற்றுகிற மருந்து, கிருமியை வேறொரு செயலுக்கும் தூண்டுகிறது. மொராக்செல்லா என்ற இன்னொரு கிருமியின் புடகங்கள் பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தைச் சுமந்து போய், அந்த நொதியமே இல்லாத பக்கத்துக் கிருமிகளையும் காப்பாற்றுகின்றன என்பது 2011இல் வெளிவந்தது. மருத்துவம் படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்டிபயோட்டிக் எதிர்ப்பைக் கிருமியின் மரபணுவில் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும்.

3. உயிரோடு விட்டதா, செத்துச் சிதறியதா என்ற கேள்வியை ஒரு நாளும் கைவிடாதீர்கள். 2016இல் சூடோமோனாசை நேரடியாகப் படம் பிடித்தவர்கள், சில கலங்கள் திடீரென வெடிப்பதையும், உடைந்த மென்சவ்வுத் துண்டுகள் தாமாகச் சுருண்டு உருண்டைகளாவதையும் கண்டார்கள். ஆக, மென்சவ்வு கொப்புளித்துப் பிறந்த புடகமும் உண்டு, வெடிப்பில் பிறந்த புடகமும் உண்டு. முதல் வகைக்குள் சரக்குத் தெரிந்தெடுத்து ஏற்றப்பட்டிருக்கலாம். இரண்டாவது வகைக்குள் அந்த நேரம் பக்கத்தில் மிதந்தது எதுவும் அகப்பட்டிருக்கலாம். “பற்றீரியா இந்தப் புரதத்தை வேண்டுமென்றே அனுப்புகிறது” என்று எழுதுவதற்கு முன்னால் இந்த வேறுபாட்டைத் தீர்த்துவிட்டீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

அதனால் வளர்ப்பை இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வந்து எடுக்காதீர்கள். வளர்ச்சி வேகமாக இருக்கும் கட்டத்தின் பிற்பகுதியில், கலங்கள் உயிர்ப்போடு இருக்கையிலே எடுங்கள். எடுக்கும்போது இறந்த கலங்களின் விகிதத்தை அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். குழியவுருவுக்கு மட்டும் உரிய புரதம் ஒன்று உங்கள் தயாரிப்பில் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். அது நிறைய இருந்தால் கலங்கள் உடைந்திருக்கின்றன, அந்தத் தொகுதியை வைத்துப் பெரிய முடிவு எதையும் சொல்ல முடியாது.

4. கைவேலையைப் பொறுமையாகப் பழகுங்கள். வளர்ப்பை முதலில் குறைந்த வேகத்தில் மையநீக்கி கலங்களை அடியில் இருத்த வேண்டும். மேல்நீரை 0.45 அல்லது 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடிக்க வேண்டும். பிறகுதான் அதியுயர்வேக மையநீக்கி. புவியீர்ப்பின் ஒன்று முதல் ஒன்றரை இலட்சம் மடங்கு விசையில், 4 பாகை செல்சியசில், இரண்டு மூன்று மணி நேரம்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பொருளைத் தொலைக்கிறார்கள். குழாயின் அடியில் படிவது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கண்ணாடித் துளிபோல் ஒரு மங்கல் மட்டுமே. சாய்வான ரோட்டரில் வைப்பதற்கு முன்பே, குழாயின் வெளிப்புறத்தில், படிவு விழப்போகும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் குழாயை ஆட்டாமல் எடுத்து, வட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து மேல்நீரை ஊற்றுங்கள். கவிழ்த்தபடியே ஈரத்தைக் கடதாசியில் ஒற்றி எடுங்கள். பிறகு நூறு மைக்ரோலீற்றர் தாங்கற் கரைசலை அந்த வட்டத்தின்மேலேயே விட்டு, நுனி வெட்டிய பிப்பெற்றால் மெல்ல மெல்ல ஏற்றி இறக்குங்கள். குலுக்கும் இயந்திரத்தில் வைக்க வேண்டாம். கரையாமல் அடம்பிடித்தால் இரவு குளிரில் விட்டுக் காலையில் தொடருங்கள். எதிரெதிர்க் குழாய்களைத் தராசில் நிறுத்துச் சமன் செய்யாமல் அந்த இயந்திரத்தை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அந்த வேகத்தில் ரோட்டர் பிசகினால் இயந்திரம் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் தப்புவது கடினம்.

படிந்ததெல்லாம் புடகம் என்று எண்ணவும் வேண்டாம். சவுக்குமுளைத் துண்டுகள், பற்றீரியாவைத் தின்னும் வைரசுகள், புரதக் கட்டிகள் எல்லாம் கூடவே இறங்கும். அடர்த்திப் படித்திறனில் இன்னொரு தடவை ஓட்டிப் பிரித்தால்தான் சுத்தமாகும். அதியுயர்வேக மையநீக்கி கிடைக்காத இடத்தில் நுண்வடிகட்டலும் பருமன்வாரிப் பிரிப்பும் கைகொடுக்கும். இயந்திரம் இல்லை என்பதை வேலை செய்யாமல் இருப்பதற்குக் காரணமாக நான் ஏற்பதில்லை.

5. வெறும் ஊடகத்தையும் அதே பாதையில் கொண்டுபோங்கள். நாம் எல்லோரும் பயன்படுத்தும் எல்பி ஊடகத்தில் மதுவச் சாறு இருக்கிறது. அந்தச் சாற்றிலேயே புடகம் போன்ற துணிக்கைகள் இருக்கின்றன. குருதி சேர்த்த ஊடகத்தில் விலங்கின் புடகங்கள் இருக்கும். பற்றீரியா போடாத ஊடகத்தை, அதே வெப்பநிலையில் அதே நேரம் வைத்து, அதே வடி, அதே மையநீக்கி வழியாகக் கொண்டுபோய், அதில் எத்தனை துணிக்கை என்று எண்ணிக் காட்டாத எவருடைய முடிவையும் நான் நம்புவதில்லை. உங்களுடையதையும் நம்பமாட்டேன்.

எங்கள் எருமைத் தயிரை ஆராய ஆசைப்படுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆசை நல்ல ஆசைதான். தயிரில் வாழும் லக்டோபசில்லஸ் இனங்கள் புடகம் விடுகின்றன, அவை குடற்சுவரின் நிர்ப்பீடனக் கலங்களோடு பேசுகின்றன என்பதற்குப் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் பாலிலே எருமையின் மடிக்கலங்கள் விட்ட புடகங்களும் ஏராளமாக இருக்கின்றன, அளவிலும் ஒத்திருக்கின்றன. சட்டித் தயிரை வடித்து எடுத்ததையெல்லாம் பற்றீரியாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரித்து, பாலில்லா ஊடகத்தில் வளர்த்து எடுத்த புடகங்களோடு ஒப்பிட்ட பிறகே வாயைத் திறவுங்கள்.

6. ஒரு அளவீட்டை நம்பி ஒன்றும் சொல்லாதீர்கள். துணிக்கை எண்ணும் கருவி எண்ணைத் தரும், எது துணிக்கை என்று சொல்லாது. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் உருவத்தைக் காட்டும், தொகையைச் சொல்லாது. புரத அளவு இரண்டையும் சொல்லாது. மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

7. அகநச்சை மறக்காதீர்கள். கிராம் எதிர்ப் புடகத்தை எந்த மனிதக் கலத்தின்மேல் விட்டாலும் அழற்சி வரும். அதைப் பார்த்துவிட்டுப் புதிய நோய்க்காரணி கண்டுபிடித்தேன் என்று ஓடி வருவார்கள். அதே அளவு தனி அகநச்சைக் கொடுத்து ஒப்பிட்டால் பல நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். மிஞ்சி நிற்கும் வித்தியாசம்தான் உங்கள் கண்டுபிடிப்பு.

8. தடுப்பூசியின் வரலாற்றைக் கரைத்துக் குடியுங்கள். புடகத்தால் மனிதருக்குக் கிடைத்த நிச்சயமான பயன் இன்றுவரை இதுதான்.

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகொக்கஸ் கிருமியில் பல வகை. மற்ற வகைகளுக்கு அவற்றின் உறைச் சீனியை வைத்துத் தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையின் உறையோ, நம்முடைய நரம்பிழையத்தில் இருக்கும் ஒரு சீனிச் சங்கிலியையே ஒத்திருக்கிறது. உடல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை. கருத வைத்தாலும் நம் நரம்பையே தாக்குமோ என்ற பயம் உண்டு. அந்த வழி அடைபட்டபோதுதான், உறையை விட்டுவிட்டு வெளிமென்சவ்வுப் புரதங்களைத் தாங்கிய புடகத்தை எடுத்தார்கள். 1980களில் கியூபா தன் மக்களுக்கென்று ஒரு புடகத் தடுப்பூசி செய்தது. ஏழை நாடு, பொருளாதாரத் தடைக்குள் இருந்த நாடு, உலகில் வேறெவரும் முடிக்காத வேலையை முடித்தது. நோர்வேயும் தன் தொற்றுக்குத் தன் கிருமியிலிருந்து ஒன்று செய்தது. நியூசிலாந்தில் 1991இல் தொடங்கிய பி வகைத் தொற்று அடங்காதபோது, அங்கே பரவிய கிருமியிலிருந்தே தடுப்பூசி செய்து, 2004 முதல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் போட்டார்கள்.

இந்த மூன்று நாடுகளிலும் அந்தந்த ஊர்க் கிருமியை எடுத்தது தற்செயல் அல்ல. புடகத் தடுப்பூசி தூண்டும் பிறபொருளெதிரிகள் முக்கியமாக ஒரு புரதத்தைக் குறிவைக்கின்றன. அந்தப் புரதம் கிருமிக்குக் கிருமி மாறும். ஓரிடத்து ஊசி இன்னோரிடத்துக்கு முழுப் பயன் தராது. இந்தக் குறையை நிரப்பவே நியூசிலாந்துப் புடகத்தோடு மேலும் மூன்று புரதங்களைச் சேர்த்து பெக்ஸ்செரோ வந்தது. 2013இல் ஐரோப்பா அனுமதித்தது.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. நியூசிலாந்தில் 2004 முதல் போட்ட அந்தப் பழைய புடக ஊசியைப் பெற்றவர்களுக்குக் கொனோரியா குறைவாக வந்ததை 2017இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பாதுகாப்பு ஏறக்குறைய 31 வீதம். இரண்டு கிருமிகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள், வெளிமென்சவ்வுப் புரதங்கள் பலவும் ஒத்தவை. மருந்துக்கு அடங்காத கொனோரியா கூடிவரும் இந்தக் காலத்தில் 31 வீதமும் சிறிதல்ல. 2025 ஓகஸ்டில் இங்கிலாந்து, தொற்று அபாயம் கூடியவர்களுக்குப் பெக்ஸ்செரோவைக் கொடுக்கத் தொடங்கியது. கொல்கத்தாவில் ஷிகெல்லா வயிற்றுளைவுக்குப் பல வகைகளின் புடகங்களைக் கலந்த தடுப்பூசி ஒன்றை விலங்குகளில் சோதித்து நம்பிக்கை தரும் முடிவுகளைக் கண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், புடகத்தின் பெயரில் முகப்பூச்சும் சத்துத்தூளும் விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். உங்கள் பட்டத்தையும் கையெழுத்தையும் கேட்டு வருவார்கள். எத்தனை ஆயிரம் பேரில் சோதித்தீர்கள், யார் மேற்பார்வை, தீங்கு என்ன என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. மாதிரிகளைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, மறை 80 பாகையில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக வைக்க வேண்டும். உறைந்து உருகி உறைந்தால் புடகம் ஒன்றோடொன்று ஒட்டும், உடையும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்டில் இருக்கிறோம். மின்பிறப்பாக்கி எந்தக் குளிரூட்டிக்கு இணைத்திருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டுவையுங்கள்.

10. மட்டக்களப்பு வாவியைப் பார்க்கப் பழகுங்கள். 2014இல் அமெரிக்காவின் எம்ஐடி விஞ்ஞானிகள், வெப்பக் கடல்களில் கோடானுகோடியாக வாழும் புரோகுளோரோகொக்கஸ் என்ற ஒளித்தொகுப்புப் பற்றீரியா புடகம் விடுவதையும், கடல்நீரில் புடகங்கள் நிறைந்து மிதப்பதையும் காட்டினார்கள். வேறு பற்றீரியாக்கள் அந்தப் புடகங்களை உணவாக்கி வளரவும் செய்தன. நம்முடைய வாவியோ மாரியில் நன்னீராகி, முகத்துவாரம் வெட்டுண்டதும் கடல்நீர் ஏறி, கோடையில் உவர்த்துப்போகும் நீர்நிலை. உப்பு மாறும்போது பற்றீரியாவின் மென்சவ்வுக்கு நெருக்கடி. நெருக்கடியில் புடகம் கூடும் என்பது பல இனங்களில் தெரிந்த விடயம். இறால் குஞ்சுகளைக் கொல்லும் விப்ரியோ இனங்களும் இதே உவர்நீரில்தான் வாழ்கின்றன. பாலமீன்மடுவிலிருந்து தெற்கே கல்லாறு வரை, பருவத்துக்குப் பருவம் புடகங்களை அளக்கும் வேலை ஒரு மாணவரின் வாழ்நாளுக்குப் போதும். ஒரு எச்சரிக்கை: நீரிலுள்ள வைரசுகளை நிறமேற்றி எண்ணுகிறவர்கள், டிஎன்ஏ சுமந்த புடகத்தையும் வைரஸ் என்று எண்ணிவிடக்கூடும்.

11. இந்த மண்ணின் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மற்ற எல்லாவற்றையும் சொன்னது இதற்காகத்தான்.

மெலியோயிடோசிஸ் என்ற நோயை 1912இல் இரங்கூனிலிருந்து முதன்முதலில் எழுதியவர்கள் அல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்த நாட்டில் அது அரிதான நோய் என்றே இருந்தது. 2006க்குப் பிறகு கொழும்பு மருத்துவ பீடத்தின் ஏனோகா கொரேயாவும் நாடெங்குமுள்ள நுண்ணுயிரியல் மருத்துவர்களும் தேடத் தொடங்கியதும் நோயாளிகள் வெளிவந்தார்கள். கிழக்கு மாகாணத்திலும் வெளிவந்தார்கள். அதுவரை கிருமி இல்லாமலிருக்கவில்லை. வளர்ப்புத் தட்டில் வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்றோ அழுக்கு என்றோ ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த நோயை உண்டாக்கும் புர்க்கோல்டேரியா சூடோமல்லை மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமி. மாரி மழையோடு மேலே வரும். வெறுங்காலோடு பெரும்போக வயலில் இறங்குகிறவர், அதிலும் நீரிழிவு உள்ளவர், அதற்கு இலகுவான இலக்கு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று படுவான்கரை முழுவதும் நம்முடைய உறவினர்கள் நிற்கும் இடம் அதுதான். சளிக்காய்ச்சலாகவும், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாகவும், மூட்டுவீக்கமாகவும், குருதித் தொற்றாகவும் வரும். ஜென்டமைசின் பெரும்பாலும் பலிக்காது. செப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது இரண்டு வாரம் நாளத்தில் ஏற்றி, பிறகு கோட்ரைமொக்சசோல் மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள்.

இந்தக் கிருமி நம் கலங்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. பிறபொருளெதிரி மட்டும் அதற்குப் போதாது, கலவழி நிர்ப்பீடனமும் எழ வேண்டும். அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் லிசா மொரிசியின் குழு இதே கிருமியின் புடகங்களைத் தடுப்பூசியாக்கி, 2011 முதல் எலிகளில் பாதுகாப்பைக் காட்டியது. இரண்டு வகை நிர்ப்பீடனமும் எழுந்தன. பிறகு குரங்குகளிலும் கொடுத்து, தீங்கில்லை என்று கண்டார்கள். மெனிங்கோகொக்கசில் ஊருக்கு ஊர் மாறிய அதே கேள்வி இங்கும் வரும்: தாய்லாந்துக் கிருமியின் புடகம் படுவான்கரைக் கிருமியைத் தடுக்குமா? அதற்கு நம்முடைய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும், குணமானவர்களின் குருதிப்பாயமும் வேண்டும். அவற்றை முறையாகச் சேர்த்து வைக்க இங்குள்ளவர்களைவிட உரியவர் வேறு யார்?

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. இந்தக் கிருமியைத் திறந்த மேசையில் வளர்க்கக் கூடாது. மூன்றாம் நிலை உயிரியற் பாதுகாப்பு உள்ள ஆய்வுகூடம் வேண்டும். வடித்தெடுத்த புடகத்தை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவரும் முன், ஒரு பங்கைத் தட்டில் பரப்பி, நாட்கணக்கில் காத்திருந்து, ஒரு கலமும் வளரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். நீங்கள் கை பழகுவதற்கு அதன் உறவான புர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் போதும். மனிதருக்கு அரிதாகவே தொற்றும், புடகங்களும் நன்றாக விடும். அந்தப் புடகங்கள் வேறு சில மருந்தெதிர்ப்புக் கிருமிகளைக் கொல்கின்றன என்று 2020இல் அதே டுலேன் குழு காட்டியிருக்கிறது.

ஆய்வு முடிந்து ஊசி வரக் காலம் எடுக்கும். வருகிற மாரிக்கு முன்னமே வீட்டிலுள்ள விவசாயிகளிடம் நீள்காலணி போடச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் விடாமல் அடித்தால் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், வயலில் வேலை செய்கிறவர் என்று மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லி, அன்டிபயோட்டிக் தொடங்குமுன் குருதி வளர்ப்புக்கு எடுக்கும்படி கேளுங்கள். மெலியோயிடோசிசுக்கு மனிதருக்கென அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றுவரை ஒன்றும் இல்லை.